யாருடைய இரும்பு உருகியது?: ஜப்பானிய வாள்தட்டுகளும் ஏலச் சந்தையும் – சில குறிப்புகள்

வாள் மேல் எனக்கு எந்த மோகமும் கிடையாது. ஆனாலும் கடந்த சில மாதங்களாகப் பல இரவுகள், ஜப்பானியப் பழைய வாள்தட்டுகள் ஏலம் போவதைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாங்குகிற உத்தேசம் இல்லை, அதற்கான காசும் இல்லை. உள்ளங்கையளவு இரும்புத் துண்டுக்காக உலகின் வெவ்வேறு மூலைகளில் இத்தனை பேர் ஏன் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள் என்ற கேள்விதான் என்னையும் விழிக்க வைத்தது.

வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே செருகப்படும் தட்டை ஜப்பானியர் 'ட்சுபா' என்பார்கள். பெரும்பாலும் ஏழு எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு, அரை சென்டிமீட்டர் கனம். பிடித்த கை அலகின் மேல் வழுக்கிவிடாமல் அது காக்கும். வாளின் எடையையும் சமன்செய்யும். நடுவில் வாளின் வால்பகுதி நுழைய ஒரு துளை. அந்தத் துளையின் இரு முனைகளிலும் சில தட்டுகளில் செம்புத் துண்டு அடைக்கப்பட்டிருக்கும். ஒரு வாளுக்குச் செய்த தட்டை இன்னொரு வாளுக்குப் பொருத்தும்போது ஆடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆக, தட்டு ஒரே வாளோடு வாழ்ந்து மடிகிற பொருளாக இருந்ததில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. செய்தவர் தன் பெயரை வெட்டியிருந்தால், அது பெரும்பாலும் நடுத்துளையை ஒட்டித்தான் இருக்கும். வாளைக் கோர்த்து முடித்ததும் இருபுறமும் வைக்கிற வாஷர் அந்த இடத்தை மூடிவிடும். இடுப்பில் வாள் தொங்குகிறவரை கைவினைஞரின் பெயர் வெளியே தெரியாது. வாளைக் கழற்றினால்தான் தெரியும். இன்று ஏலத்தில் முதலில் படம் எடுத்துக் காட்டப்படுவது இந்த இடத்தைத்தான். அப்படியானால் வாள்கள் எப்போது, யாரால், எதற்காகக் கழற்றப்பட்டன? சேகரிப்பின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கழற்றல் 1588இல் நடந்தது. டோயோடோமி ஹிதேயோஷி பிறப்பித்த ஆணை, வாள், குத்துவாள், வில், ஈட்டி, துப்பாக்கி எதையும் விவசாயிகள் வைத்திருக்கக்கூடாது என்றது. ஆயுதம் இருந்தால் வரி கட்டமாட்டார்கள், கலகம் செய்வார்கள் என்ற காரணத்தை ஆணையே ஒளிக்காமல் சொல்லிவிட்டது. கூடவே ஒரு ஆன்மீகச் சமாதானமும் வைத்தது: பறித்த இரும்பு கியோட்டோவில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய புத்தருக்கு ஆணியாகவும் கொக்கியாகவும் ஆகும், விவசாயிக்கு இம்மையிலும் மறுமையிலும் புண்ணியம் கிடைக்கும். ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கக் கொடுத்தவனுக்கே மோட்சமும் தருகிற சாமர்த்தியம் இது. ஹிதேயோஷி பெரிய பரம்பரையில் வந்தவரில்லை, கீழ்நிலையிலிருந்து ஏறி வந்தவர். தான் ஏறிய ஏணியை அவரே தூக்கிப் போட்டார். அந்தப் புத்தர் சிலையோ 1596 நிலநடுக்கத்தில் சிதைந்தது.

இங்கே ஒரு திருத்தமும் அவசியம். கிராமங்களிலிருந்து ஆயுதங்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை, நிறையவே மிஞ்சின என்று வரலாற்றாசிரியர் ஃபுஜிகி ஹிசாஷி 2005இல் வெளிவந்த நூலில் வாதிட்டிருக்கிறார். அவர் சொல்வதை ஏற்றால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. பறிக்கப்பட்டது இரும்பைக் காட்டிலும், அதை இடுப்பில் செருகி நாலு பேர் முன்னால் நடக்கிற உரிமை. வாள் அப்போது ஆயுதம் என்பதிலிருந்து அந்தஸ்தின் அடையாளமாக மாறிவிட்டது. இரட்டை வாள் சாமுராய்க்கு மட்டும் என்றானது.

பிறகு வந்த டோகுகாவா காலத்தில், 1637–38 ஷிமபாரா கலகத்துக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய போர் இல்லை. நாம் இன்று பார்க்கிற அலங்காரத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் காலத்தில் செய்யப்பட்டவை. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து கருநீலமாக மின்னும் ஷகுதோ, நாலில் ஒரு பங்கு வெள்ளி கலந்த ஷிபுய்ச்சி, இரும்பில் ஊடுதுளையாக வெட்டிய பறவைகள், பூக்கள் எல்லாம் சண்டைக்கு அல்ல, உடுப்புக்குச் செய்தவை. ஏல விளம்பரத்தில் 'சாமுராய்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, போர்க்களத்து ரத்தவாடை ஏதோ ஒட்டியிருப்பதுபோல விற்கிறார்களே, அந்தத் தட்டுகளில் பலவும் ரத்தத்தைப் பார்த்ததே இல்லை. அவை பார்த்ததெல்லாம் சடங்குகளையும் சம்பளப் பட்டியலையும்தான்.

இரண்டாம் கழற்றல் 1876இல். ராணுவம், காவல்துறை, சடங்கு உடையிலிருக்கும் அதிகாரிகள் தவிர யாரும் வாள் தரிக்கக்கூடாது என்று மெய்ஜி அரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் சாமுராய்களின் பரம்பரை மானியமும் கடன் பத்திரமாக மாற்றப்பட்டது. இவர்களுக்கு நடந்ததும் பறிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் விவசாயிக்குப் புண்ணியம் கிடைத்தது, சாமுராய்க்குப் பத்திரம் கிடைத்தது. இந்த வித்தியாசத்தை நாம் விட்டுவிடக்கூடாது.

வாள் போனதும் தட்டு செய்தவர்கள் பிழைப்புக்கு அலைந்தார்கள். கானோ நட்சுவோ (1828–1898) போன்ற சிலருக்கு வழி கிடைத்தது. 1871 முதல் வெளிவந்த புதிய யென் நாணயங்களின் டிராகன் வடிவம் அவருடையது. வாள் உறுப்புகளைச் செதுக்கிய கை காசைச் செதுக்கப் போனது தற்செயலில்லை. அதிகாரத்தின் சின்னம் எஃகிலிருந்து பணத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. வாளை இழந்த தட்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. பாரிஸில் கடை நடத்திய ஹயாஷி தடமாசா 1894இல் தன் தட்டுத் தொகுப்பை லூவ்ருக்குக் கொடுத்தார். ஹாம்பர்க், பாஸ்டன் அருங்காட்சியகங்கள் தொகுத்து அட்டவணை போட்டன. வாஷருக்கு அடியில் கிடந்த பெயர்கள் அட்டவணைக்குள் ஏறியது இப்படித்தான். கைவினைஞர் 'கலைஞர்' ஆவதற்கு அவருடைய தொழில் சாக வேண்டியிருந்தது.

மூன்றாம் கழற்றல் 1945இல். ஆக்கிரமிப்புப் படைகள் வாள்களை ஒப்படைக்கச் சொன்னபோது, கலைமதிப்புள்ளவற்றுக்கு விலக்கு வேண்டும் என்று ஜப்பானிய நிபுணர்கள் மன்றாடிப் பெற்றார்கள். அதன் தொடர்ச்சியாக 1948இல் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. எது கலை, எது வெறும் ஆயுதம் என்று பிரிக்கிற அதிகாரம் நிபுணர் கைக்கு வந்தது. அந்தச் சங்கம் தருகிற சான்றிதழ்தான் இன்று ஏலத்தில் பாதி விலை பேசுகிறது. பெயரில்லாத இரும்புத்தட்டு, 'இன்ன மரபைச் சேர்ந்தது' என்று ஒரு காகிதம் சொன்ன மாத்திரத்தில் வேறு பொருளாகிவிடுகிறது. இரும்பு மாறவில்லை, அதைச் சுற்றிய சொல்லாடல் மாறியிருக்கிறது.

ஜப்பானில் இன்றும் அலகுக்குப் பதிவுச்சீட்டு வேண்டும். தட்டுக்கு வேண்டியதில்லை. அதனால்தான் தபால் உறையில் அது சுலபமாகக் கடல் தாண்டுகிறது. 1995இல் ஈபே, 1999இல் ஜப்பானிய யாஹூ ஏலம் என்று சந்தை வீட்டுக்குள் வந்தபின் வேகம் கூடியது. நம்மூர் ஏலத்தில் 'ஒருதரம், ரெண்டுதரம்' என்று கூவுகிறவர் முகம் தெரியும், எதிரே கேட்கிறவர் முகமும் தெரியும். இங்கே 'மூணுதரம்' கிடையாது. ஈபேயில் கடிகாரம் முடிகிற கடைசி நொடியில் எவரோ பாய்ந்து பொருளைத் தூக்கிவிடுகிறார். ஜப்பானிய ஏலங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரமும் தானாக நீளும்படி வைக்கலாம். ரெண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நின்றால் அது நீண்டுகொண்டே போகும். இடையில் அச்சில் வார்த்த போலிகளும் புகுந்துவிடும். துளையின் உள்விளிம்பில் வார்ப்புத் தடம் தெரிகிறதா என்று மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் சேகரிப்பவர்களை நான் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். அழகுக்கு முன்னால் மனிதர் தடுமாறுவது இயல்பு. ஒரு தட்டில், பனியில் நிற்கும் ஒற்றைக் கொக்கைப் பார்த்து நானும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். பிறகுதான் உறைத்தது: திரையில் தெரிகிற எல்லாமே பத்திரம் கிடைத்தவர்களின் இழப்பு. பாலோனியா மரப்பெட்டிக்குள், பட்டுத்துணி மேல், பெயரோடும் காகிதத்தோடும் அது காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1588இல் ஒப்படைக்கப்பட்ட இரும்புக்குப் பெட்டி இல்லை, பெயர் இல்லை, அட்டவணை எண் இல்லை.

ஒரு இழப்பு கலையாகிறது, இன்னொரு இழப்பு ஆணியாகிறது. எது எதுவாகும் என்பதை உலோகத்தின் தரம் தீர்மானிக்கவில்லை. ஏலத்தில் விலை ஏற ஏற, விலையே கேட்கப்படாத அந்த இரும்பைப் பற்றித்தான் நாம் பேசியாக வேண்டும்.