அரியணையும் மகளும்

அரசனுக்கு மகனும் மகளும் இருப்பின் அரியணை யாருக்கு உரியது? இவ்வினா நம் வெள்ளி விழா மலருக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். அரியணை ஆண்ட மரபினர் அல்லோம் நாம். அரியணைகளின் நிலத்தை உழுத மரபினர். ஆயினும் அரசகுலத்து மகள் தொடுத்த வழக்குகளில் பிறந்த விதிகளே பின்னர் ஓரறை வீட்டின் வாயில்வரை வந்து சேர்ந்தன. ஆகவே இதனை ஆராய்வது நமக்குப் புறம்பான செயலன்று.

பெண்ணரசு என்றவுடன் நம் மேடைகளில் முழங்கப்படும் பெயர்கள் ராணி மங்கம்மாள், வேலு நாச்சியார் ஆகிய இரண்டுமே. இருவரும் போற்றத்தக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மங்கம்மாள் 1689 முதல் மதுரையை ஆண்டது பேரனுக்குக் காப்பாளராக இருந்தே. வேலு நாச்சியார் இராமநாதபுரத்து மன்னரின் மகளாயினும், 1780இல் அவர் மீட்டுக்கொண்டது தந்தையின் நாட்டையன்று, காளையார்கோவிலில் 1772இல் வீழ்ந்த கணவரின் சிவகங்கையை. மனைவியாகவும் தாயாகவும் பாட்டியாகவும் ஆள்வது ஒன்று. மகள் என்னும் உரிமையால் ஆள்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மகளுரிமையால் ஆண்டவருக்கு எடுத்துக்காட்டு வாரங்கல்லின் ருத்ரமாதேவி. தந்தை கணபதிதேவருக்கு ஆண்மகவு இல்லாமையால் 1262 அளவில் ஆட்சிக்கு வந்த அவரும், ருத்ரதேவ மகாராசர் என்னும் ஆண்பெயரைத் தாங்கியே ஆள நேர்ந்தது!

இனி, நம் சென்னையோடு நெருங்கிய தொடர்புடைய நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1855ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை அரசாங்கம் இரண்டு இறப்புச் செய்திகளைப் பெற்றது. 7ஆம் நாள் சேப்பாக்கத்து நவாபு குலாம் கவுசுகான் மகனின்றி மறைந்தார். 29ஆம் நாள் தஞ்சை மன்னர் சிவாஜி மறைந்தார்; அவருக்கும் மகனில்லை, ஆனால் மகள்கள் இருந்தனர். தஞ்சையின் ரெசிடெண்டாக இருந்த போர்ப்ஸ் என்னும் ஆங்கிலேயரே மகளை வாரிசாக ஏற்கலாம் என்று பரிந்துரைத்தார். கும்பெனியார் மறுத்தனர். இந்து அரசனின் மகளுக்கு அரசுரிமை உண்டென்று சட்டமோ வழக்கமோ கூறவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மகனில்லாத தந்தையின் தனிச்சொத்து மனைவிக்கும், அவளுக்குப் பின் மகளுக்கும் செல்லும் என்பதை அதே கும்பெனியின் நீதிமன்றங்கள் நாள்தோறும் ஒப்புக்கொண்டிருந்தன என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். நாட்டை விழுங்க விரும்பியவர்களுக்குச் சாத்திரம் வேண்டியபோது வளைந்தது.

பட்டத்தோடு அரண்மனைப் பொருள்களையும் கும்பெனி கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் வழக்கறிஞரின் துணையோடு சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளியது. நடந்தது அரசின் அதிகாரச் செயல். அதனை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்றது. பின்னர் 1862இல் தனிச்சொத்து மட்டும் திருப்பித் தரப்பட்டது. அரியணை போனது போனதுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிரிவி கவுன்சிலில் மற்றொரு மகள் வென்றார். சிவகங்கையை 1801இல் கும்பெனியிடமிருந்து ஜமீனாகப் பெற்ற கௌரி வல்லப உடையத் தேவர், 1829இல் மகனின்றி இறந்தார். அண்ணன் மகன் ஜமீனை எடுத்துக்கொண்டார். கைம்பெண்களுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் 1850இல் தாம் இறக்கும்வரை வழக்காடினார். பின்னர் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையிலெடுத்தார். சென்னையில் தோற்றார், தளரவில்லை. குடும்பம் பிரியாத குடும்பமாயினும், ஜமீன் தந்தை தாமே பெற்ற சொத்து. ஆகவே அண்ணன் மகனுக்கு முன்னர் மகளே உரியவள் என்று 1863 நவம்பரில் தீர்ப்பாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுப் போராட்டம்! ‘அரசு’ என்று பெயரிட்டபோது மறுக்கப்பட்டது, ‘சொத்து’ என்று பெயரிட்டபோது கிடைத்தது.

எனினும் இவ்வெற்றியை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. காத்தம நாச்சியாருக்கு ஓர் உடன்பிறந்தான் இருந்திருப்பின் அவ்வழக்கே எழுந்திராது. மகன் இல்லாதவிடத்து மகள் என்பது ஒன்று, மகனோடு ஒப்ப மகள் என்பது வேறு. பின்னதை நோக்கி நாட்டைத் திருப்பியவர்கள் அரசர்கள் அல்லர். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. மகனுக்குரியதில் பாதியே மகளுக்கு என்றிருந்த இந்துச் சட்ட வரைவு, 1948இல் அண்ணல் அம்பேத்கர் வழிநடத்திய தேர்வுக் குழுவில் சமபங்காக உயர்ந்தது. அம்மசோதா முடக்கப்பட்டதும் 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாகச் சொத்தே மறுக்கப்பட்ட மக்களின் தலைவர், சொத்துள்ளோர் வீட்டுப் பெண்களுக்காகவும் பதவி துறந்தார் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. (இச்சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும். சாந்தோம் பகுதியில் வாழும் நம் கிறித்தவ உறவினர்க்கு 1925ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் உண்டு. அதிலும் மகனும் மகளும் சமமே.) ஆனால் 23ஆம் பிரிவில் ஒரு முள் இருந்தது. குடும்பம் வாழும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க இசையும்வரை மகள் பிரித்துக் கேட்க முடியாது. மாளிகையும் வயலும் உடையவர்க்கு இதனால் பெருங்கேடில்லை. மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையிலும் அடையாற்றுக் குப்பங்களிலும் வீடொன்றே சொத்து. அவ்வீடு பூட்டப்பட்டால் மகளின் சமபங்கு தாளில் மட்டுமே. இப்பிரிவு 2005இல்தான் நீங்கிற்று.

பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்திலோ, தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1989 மார்ச் 25 முதல் மகள் பிறப்பாலேயே பங்காளி ஆனாள். அந்நாளுக்கு முன் மணமானவர்க்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அவ்வேறுபாட்டையும் போக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அரியணைகள் இன்னும் பின்தங்கியே வருகின்றன. சுவீடன் 1980இல் மூத்த மகவுக்கே முடி என்று மாற்றியது. ஏழு மாதக் குழந்தையான இளவரசர் தம் அக்காளுக்கு வழிவிட்டார். இங்கிலாந்து 2013இல் சட்டமியற்றி 2015இல் நடைமுறைப்படுத்தியது. ஜப்பானில் இன்றும் ஆணுக்கே முடி. நம் நாட்டிலும் ஒரு விந்தை உண்டு. பழைய மன்னர்கள் இந்திய அரசோடு செய்த உடன்படிக்கையால் ஒரே வாரிசுக்குச் செல்லும் சொத்துகளை, அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விலக்கி வைத்துள்ளது. மன்னர் மானியமே 1971இல் ஒழிந்தது, அவ்விலக்கு ஒழியவில்லை. இவ்வகையில் குடிசைவாழ் மகளின் உரிமை அரண்மனை மகளின் உரிமையினும் பெரிது!

அவ்வுரிமை கைநழுவும் இடம் ஒன்றுண்டு. தந்தையின் காரியம் முடிந்த சில நாட்களில், தமையன்மார் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடச் சொல்வது நம் தெருக்களிலும் நடப்பதே. சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்பது அவர்கள் வாதம். சட்டத்தில் சீர் பங்காகாது. விட்டுக்கொடுப்பதும் கொடாததும் அப்பெண்ணின் விருப்பம். நம் சங்கத்தின் உதவியால் படித்த பிள்ளைகள், தங்கையின் கையில் பேனாவைத் தருமுன் அப்பத்திரத்தை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும்.