பார்பியின் உடல்வகைகள்

அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் 2016 ஜனவரி 28 அன்று தன் பார்பி பொம்மைக்கு மூன்று புதிய உடல்களை அறிவித்தது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, மற்றொன்று பூசினாற்போன்ற உடல்வாகு. அதுவரை 57 ஆண்டுகள் பார்பி என்றால் ஒடிசலான ஒரே வார்ப்புதான். இடையிடையே சில்லறைத் திருத்தங்கள் நடந்தன, அவ்வளவே. அலங்காரப் பொம்மைகளின் வரலாற்றில் இந்த அறிவிப்பு பெரிய திருப்பம்.

பழைய உடலின் பூர்வீகம் ஜெர்மனி. 1952இல் பில்ட் நாளிதழில் ரைன்ஹார்ட் பாய்தீன் வரைந்த கேலிச்சித்திரத் தொடரின் நாயகி லில்லி, பணக்கார ஆண்கள்மேல் கண் வைத்த சாமர்த்தியக்காரி. அவளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1955இல் பொம்மையாகவும் வார்த்தார்கள். புகையிலைக் கடைகளிலும் விற்ற அந்தப் பொம்மையை முதலில் வாங்கியவர்கள் வளர்ந்த ஆண்களே. குழந்தைகளை மனத்தில் வைத்து உருவான உடல் அல்ல அது. 1956இல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போயிருந்த மாட்டெலின் இணை நிறுவனர் ரூத் ஹேண்ட்லர், கடை ஒன்றில் லில்லியைக் கண்டார். அவருடைய மகள் பார்பரா காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களாகப் பாவித்து விளையாடுவதை அவர் கவனித்து வந்திருந்தார். அன்றைய அமெரிக்கக் கடைகளிலோ பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள். சிறுமிக்குத் தாயாக விளையாடுவதைத் தவிர வேறு வேடம் இல்லை. லில்லியோடு ஊர் திரும்பிய ரூத், பொறியாளர் ஜாக் ரயனிடம் அதை மாற்றி அமைக்கச் சொன்னார். சார்லட் ஜான்சன் உடைகளை வடிவமைத்தார். உற்பத்தி ஜப்பானில் நடந்தது. மகளின் பெயரைச் சுருக்கிச் சூட்டிய அந்தப் பொம்மை 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அரங்கேறியது. விலை 3 டாலர். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 3,50,000 பொம்மைகள் விற்றன. லில்லியின் உரிமையை மாட்டெல் 1964இல் விலைக்கு வாங்கிக்கொண்டது.

பார்பியின் உயரம் சுமார் 29 செ.மீ.; மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. இடை இத்தனை சிறுத்ததற்கு நிறுவனத்தார் ஒரு தொழில் காரணம் சொல்வதுண்டு. பொம்மை சிறிதானாலும் துணியின் கனம் சிறிதாவதில்லை. பாவாடையின் மடிப்பும் தையலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது இடை உப்பிவிடும். அதற்கு ஈடுகட்டவே குறுக்கினார்களாம். தையல் தெரிந்தவர்களுக்கு இதில் உண்மை இருப்பது புரியும். ஆனால் 1965இல் வந்த இரவுக் கொண்டாட்டப் பார்பியோடு 110 பவுண்டு காட்டும் எடை இயந்திரத்தையும், எடை குறைக்கச் சாப்பிடாமல் இருக்கச் சொல்லும் குட்டிப் புத்தகத்தையும் சேர்த்து விற்றதற்கு எந்தத் தையலும் காரணமாகாது. 1996இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கெவின் நார்ட்டன் குழுவினர் பார்பியை ஆள் அளவுக்குப் பெருக்கிக் கணக்கிட்டார்கள். அப்படி ஓர் உடல் ஒரு லட்சம் பெண்களில் ஒருவருக்கும் அமைவது அரிது. பார்பியின் ஆண் துணையான கென் பொம்மையின் உடலோ 50 ஆண்களில் ஒருவருக்கு அமையக்கூடியது.

மாறுபட்ட உடல்கள் பார்பியின் உலகத்துக்குள் வாசல் வழியாக வரவில்லை. தோழிகளாகப் பக்கவாட்டில் வந்தன. 1968இல் வந்த கறுப்பினப் பொம்மை கிறிஸ்டி, பார்பியின் தோழி. கிட்டி பிளாக் பெர்கின்ஸ் வடிவமைத்த கறுப்பினப் பொம்மைக்குப் பார்பி என்ற பெயரே கிடைத்தது 1980இல்தான். 1997இல் சக்கர நாற்காலியில் வந்த பெக்கியும் தோழியே. பார்பியின் ‘கனவு இல்லம்’ என்ற பொம்மை வீட்டின் மின்தூக்கிக்குள் அவளுடைய நாற்காலி நுழையவில்லை. இத்தகைய பொம்மையை எடைபோட முதல் கேள்வி இதுதான்: வேறுபட்ட உடலுக்கு நாயகியின் பெயர் கிடைத்ததா, துணைப் பாத்திரம் மட்டுமா? 2016இன் மூன்று உடல்களும் பார்பி என்ற பெயரிலேயே வந்தன. அளவுகளில் நேர்ந்த மாற்றத்தைவிட இது பெரிது.

மாட்டெல் தானாக மனம் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991இலேயே இயல்பான அளவுள்ள ‘ஹேப்பி டு பி மி’ பொம்மை வந்து, கடையில் எடுபடாமல் போயிருந்தது. 2014இல் நிக்கோலாய் லாம், 19 வயது அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவில் லாமிலி என்ற பொம்மையைப் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கினார். அதே ஆண்டுகளில் பார்பியின் விற்பனையும் சரிந்து கொண்டிருந்தது.

புதிய வரிசையில் பழைய உடலையும் சேர்த்து 4 உடல்வகைகள், 7 தோல் நிறங்கள், 22 கண் நிறங்கள், 24 சிகையலங்காரங்கள். பூசினாற்போன்ற பொம்மைக்கு இடுப்பு, தொடை, வயிறு, கை எல்லாம் திரண்டிருக்கும். அந்தப் பருமனும் மற்ற மூன்றின் பக்கத்தில் நிறுத்தினால்தான் பளிச்சென்று தெரியும். தெருவில் நடந்து போகும் பெண்களோடு ஒப்பிட்டால் அடக்கமான உடம்புதான். பழைய உடைகள் அதற்கு ஏறாது. செருப்பும் எல்லாருக்கும் பொதுவல்ல. வீட்டில் முன்பே பெட்டி நிறையப் பொம்மை உடை வைத்திருக்கும் சிறுமிக்கு இது சிறிய குறையல்ல. மாற்றுடை இல்லாத பொம்மை விளையாட்டில் பின்னுக்குப் போய்விடும்.

குழந்தைகள் என்ன செய்தார்கள்? 2006இல் ஹெல்கா டிட்மர் குழுவினர் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமிகளிடம் நடத்திய ஆய்வில், பார்பி படங்களைப் பார்த்த இளைய சிறுமிகளுக்குத் தம் உடல்மேல் இருந்த மதிப்பு குறைந்தது; இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. பெரிய அளவுள்ள எம்மி பொம்மையின் படங்கள் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. ஆகவே ஒல்லிப் பொம்மை தீங்கு செய்யக்கூடும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. ஆனால் 2019இல் ஜெனிஃபர் ஹாரிகர் குழுவினர் 3 முதல் 10 வயதுச் சிறுமிகள் முன் நான்கு உடல்களையும் வைத்தபோது, பூசினாற்போன்றதோடு விளையாடவே பலர் விரும்பவில்லை. நல்ல குணங்களை ஒல்லியான உடல்களுக்கே கொடுத்தார்கள். மூன்று வயதிலேயே அந்தப் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்பது வேதனை தருகிறது. பொம்மையைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. இன்னும் பத்து மடங்கு பூசினாற்போன்ற பொம்மைகள் வரவேண்டும் என்பதற்கே இது சான்று.

நாயகப் பெயர் யாருக்கு என்ற கேள்வியை நம் பொம்மைகளிடமும் கேட்கலாம். தமிழகத்தில் பருத்த பொம்மைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணையின் உடல் கட்டையும் திரட்சியும் கொண்டது. தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மை நிமிர்ந்து நிற்பதே அடிப்பாகத்தின் கனத்தால். ஆனால் கொலுப்படியில் தொந்தி வைத்த உடல் பெரும்பாலும் பலசரக்குக் கடை விரித்த செட்டியாருக்கும் செட்டிச்சிக்குமே உரியது. மண்டிகர் சமூகத்துக் கலைஞர்கள் நாஞ்சில் நாட்டில் நடத்திவந்த தோல்பாவைக்கூத்திலும் ராமனும் சீதையும் ஓர் அழகு. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிப்புக்காக வருபவர்கள். கூத்து பார்த்த குழந்தைகளுக்கு அவர்கள்மேல்தான் கொள்ளைப் பிரியம். ஆனாலும் நாயகப் பட்டம் அவர்களுக்கு இல்லை.

மாட்டெலின் 2016 மாற்றத்துக்குப் பின்னர் சக்கர நாற்காலி, செயற்கைக் கால் (2019), டவுன் நோய்க்குறி (2023), பார்வையின்மை (2024), முதல் வகை நீரிழிவு (2025) ஆகியவற்றோடு பார்பிகள் வந்தன. இந்தியச் சாயலில் 2022இல் அழகுசாதனத் தொழில்முனைவர் தீபிகா முத்யாலாவின் கூட்டு முயற்சியிலும், 2024 தீபாவளிக்கு அனிதா டோங்ரேயின் ஆடை வடிவமைப்பிலும் வெளியாயின. ஆனால் குமரி மாவட்டத்தின் குலசேகரம் போன்ற ஊர்களின் பேன்சி கடைகளிலும் மண்டைக்காட்டுக் கொடை போன்ற திருவிழாக் கடைகளிலும் கிடைக்கும் மலிவான போலிகள் இன்னும் பழைய ஒடிசல் வார்ப்பையே பின்பற்றுகின்றன.