முதிய பெற்றோரின் மருத்துவச் சந்திப்புகளும் பரிசோதனை முடிவுகளும்: குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

முதுமையில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவை பெரும்பாலும் ஒன்றுசேர்ந்தே காணப்படுகின்றன. இதனால் முதியவர் ஒருவர் பல மருத்துவர்களிடம் ஒரே காலத்தில் சிகிச்சை பெறுகிறார். ஒருவர் எழுதிய மருந்தும் ஓர் ஆய்வகம் அளித்த முடிவும் மற்ற மருத்துவருக்குத் தெரியாமல் போவதே இந்நிலையில் ஏற்படும் முக்கியமான ஆபத்தாகும். அதனைத் தவிர்ப்பதில் குடும்பத்தினரின் பங்கு பெரிது.

ஒரே கோப்பு, ஒரே பொறுப்பாளர்

குடும்பத்தில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்பது நல்லது. தாய் அல்லது தந்தையின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே இதனைத் தொடங்குங்கள். கோப்பில் கீழ்க்கண்டவை இருத்தல் வேண்டும்:

• புறநோயாளிச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது அளிக்கப்பட்ட அறிக்கைகள்
• பரிசோதனை முடிவுகள், தேதி வரிசைப்படி
• தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல்: பெயர், அளவு, வேளை. கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும்
• ஒவ்வாமை ஏற்படுத்திய மருந்தின் பெயர்

ஆய்வகத்தில் பெற்றோரின் கைபேசி எண்ணுடன் உங்கள் எண்ணையும் பதிவு செய்யுங்கள். முடிவு அபாய நிலையில் இருந்தால் ஆய்வகத்தினர் தொலைபேசியில் அழைக்கக்கூடும்.

பரிசோதனைக்குச் செல்லும் நாள்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் இருத்தல் வேண்டும், தண்ணீர் அருந்தலாம். நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ செலுத்திக்கொண்டு உண்ணாமல் காத்திருப்பது ஆபத்தானது. சர்க்கரை அளவு திடீரெனக் குறையக்கூடும். அவற்றை எப்போது எடுத்துக்கொள்வது என்பதை முந்தைய சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் கூறாமல் நிறுத்தக் கூடாது. இரத்தம் எடுத்தவுடன் உண்பதற்கு உணவு எடுத்துச் செல்லுங்கள்.

முடிவை எவ்வாறு பார்ப்பது?

அறிக்கையில் அச்சிடப்படும் இயல்பு வரம்பு பொதுவானது. எடுத்துக்காட்டாக, 72 வயதுப் பெண் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.2 மி.கி. எனக் கொள்வோம். பல ஆய்வகங்களின் அறிக்கையில் இது இயல்பு வரம்புக்குள் அல்லது அதன் விளிம்பில் இருக்கும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறக்குறைய 48 மட்டுமே. இவ்வளவு 3 மாதங்களுக்கு மேலாக 60-க்குக் குறைவாக இருப்பின், அது நாள்பட்ட சிறுநீரக நோயைக் குறிக்கும். இதே பெண் முழங்கால் வலிக்காக டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படும்.

எனவே, ஒரு முடிவை மட்டும் பார்க்காமல் முந்தைய முடிவுகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். கிரியாட்டினின், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஆகியவற்றைத் தேதியுடன் ஒரே தாளில் எழுதிவந்தால் மாற்றம் தெளிவாகப் புலப்படும். ஒவ்வொரு முடிவையும் மருத்துவர் பார்த்தாரா என்பதையும் அத்தாளில் குறியுங்கள். முடிவைப் பெற்றுக் கோப்பில் வைப்பதுடன் பரிசோதனை நிறைவடைவதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. சென்ற முறையை விட எது மாறியுள்ளது?
2. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா? நிறுத்த வேண்டிய மருந்து உண்டா?
3. அடுத்த பரிசோதனை எப்போது?

நீரிழிவு உள்ளோருக்குச் சிறுநீரகம், கண் விழித்திரை, பாதம் ஆகியவற்றின் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தேவை. மருத்துவரின் அறையில் முதலில் பெற்றோரே தம் உபாதைகளைக் கூறட்டும். விடுபட்டவற்றை நீங்கள் எடுத்துக் கூறுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சர்க்கரை அளவு 70 மி.கி.-க்குக் குறைதல், பொட்டாசியம் 6-ஐ எட்டுதல், சோடியம் 125-க்குக் குறைதல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். சர்க்கரை குறைந்தவர் நினைவுடன் இருப்பின் உடனே சர்க்கரை கலந்த நீரைக் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. நினைவிழப்பு, திடீர்க் குழப்பம், வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், நெஞ்சு வலி ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள்.

அரசின் சேவைகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு வீட்டிலேயே மருந்துகள் வழங்கப்படுகின்றன. நடமாட இயலாத பெற்றோர் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டிற்கு மருந்து வந்தாலும், உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்வதும் முடிவை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களைத் தொடர்புகொள்ளலாம்.