ஊமையான அரை மணி

1847-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஒரு மனிதர் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அதற்குக் காசு கொடுக்க முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். எர்னஸ்ட் பூர்ஜே என்பது அவர் பெயர். பாட்டுக் கட்டுவது அவர் தொழில். ஷான்ஸெலிஸே வீதியில் ஒரு காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த சமயம், அந்தக் கடையின் வாத்திய கோஷ்டி அவருடைய பாட்டையே வாசித்தது. பாட்டுக்காகக் கடைக்காரர் அவருக்கு ஒரு காசு கொடுத்தவரல்ல. அப்படியானால் கடைக்காரரின் சர்க்கரைத் தண்ணீருக்கு மட்டும் அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதானே! வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. பூர்ஜேயின் பக்கம் தீர்ப்பாயிற்று. 1851-ல் அவரும் அவருடைய தோழர்களும் சேர்ந்து, பாட்டாசிரியர்களுக்காகவும் இசையமைப்பாளர்களுக்காகவும் காசு வசூலிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். 'ஸாஸெம்' என்ற அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இந்தக் கதையில் ஓர் அம்சத்தை வாசகர்கள் மனத்தில் குறித்துக் கொள்ள வேண்டும். பாட்டுக்கு உரியவர் ஒருவர். அதை உபயோகித்தவர் ஒருவர். இருவர் சொல்வதையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஒருவர். ஆக, மனிதர்கள் மூவர். நான் சொல்லப் போகும் சரித்திரம், இந்த மூவரும் ஒருவர் பின் ஒருவராக எப்படி மறைந்து போனார்கள் என்பதுதான்.

அமெரிக்காவில் இந்த வழக்குக்கு வேறு வேறு வேஷங்கள் கிடைத்தன. துளையிட்ட காகிதச் சுருளை உள்ளே வைத்தால் தானாகவே வாசிக்கும் பியானோ ஒரு காலத்தில் அங்கே வீடுதோறும் பிரசித்தம். அந்தச் சுருளை மனிதன் கண்ணால் படிக்க முடியாது. ஆகவே அது பாட்டின் பிரதி ஆகாது என்று 1908-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. இசையமைப்பாளர்கள் இடிந்து போயிருப்பார்கள். ஆனால் மறு வருஷமே, 1909-ல், அமெரிக்கக் காங்கிரஸ் புதுச் சட்டம் செய்தது. யார் வேண்டுமானாலும் சுருள் செய்து கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டு ஸென்ட் கொடுத்துவிட வேண்டும் என்று அது சொல்லிற்று. பாட்டும் நின்று போகவில்லை. பாட்டுக்காரர் பட்டினியும் கிடக்கவில்லை. இரண்டு ஸென்டில் முடிந்த சமாதானம்!

1917-ல் இன்னொரு வழக்கு. விக்டர் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளரின் பாட்டை நியூயார்க்கில் ஷான்லி என்பவர்களின் உணவுச்சாலையில் பாடினார்கள். சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், பாட்டை இனாமாகத்தான் கொடுக்கிறோம் என்றார்கள் முதலாளிகள். நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. பாட்டினால் லாபம் இல்லாவிட்டால் நீங்கள் அதை என்றைக்கோ நிறுத்தியிருப்பீர்களே என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். ஏமாற்றுகிறவனின் மனசையும் அறிந்து சொன்ன தீர்ப்பு அது.

1941-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அஸ்காப் என்ற இசையமைப்பாளர் சங்கம் ரேடியோ நிலையங்களிடம் அதிகத் தொகை கேட்டது. ரேடியோ முதலாளிகள் மறுத்து, ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தச் சங்கத்தாரின் பாட்டு ஒன்றைக்கூட ஒலிபரப்பவில்லை. சுமார் பத்து மாதம் இந்தப் பிணக்கு நீடித்தது. 1864-லேயே காலமாகிவிட்ட ஸ்டீபன் பாஸ்டரின் பழைய பாட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினார்கள். கேட்டவர்களுக்குச் சலித்துவிட்டது. கடைசியில் இரு தரப்பும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு உடன்பட்டார்கள். மௌனம் அன்றைக்கும் இருந்தது. ஆனால் அது சண்டைக்காரர்கள் தெரிந்து செய்த மௌனம்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

திண்ணையில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடினால் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆடுகிறவர்களைக் காட்டிலும் பார்க்கிறவர்களுக்கே உற்சாகம் அதிகம். இந்தச் சுபாவத்தை அஸ்திவாரமாக வைத்து எழுந்த ஸ்தாபனந்தான் ட்விட்ச். 2007-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தம் தொப்பியில் ஒரு காமிராவைப் பொருத்திக் கொண்டு, தம் அன்றாட வாழ்க்கையை இண்டர்நெட்டில் ஒளிபரப்பத் தொடங்கினார். அந்த முயற்சியின் கிளையாக 2011-ல் பிறந்தது ட்விட்ச். வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தை ஒளிபரப்புவார்கள், லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள், ஆடுகிறவர் பேசுவார், சிரிப்பார், தோற்றால் புலம்புவார். பின்னணியில் ஏதாவது பாட்டு ஓடிக் கொண்டிருக்கும். ஒளிபரப்பு முடிந்த பிறகும் அதன் பதிவு சில காலம் இருக்கும்; தவறவிட்டவர்கள் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

2014 ஆகஸ்டு 6-ந் தேதி ட்விட்ச் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆடிபிள் மாஜிக் என்ற கம்பெனியின் உதவியோடு பதிவுகளையெல்லாம் ஒரு யந்திரம் சோதிக்கும். அரை மணி அரை மணியாகப் பகுத்துச் சோதிக்கும். உரிமையுள்ள பாட்டு ஏதேனும் அகப்பட்டால் அந்த அரை மணி முழுவதும் ஊமையாகிவிடும். விளையாட்டுக்குள்ளேயே ஒலிக்கும் பாட்டுக்கும் இதே கதிதான்.

யந்திரம் எப்படிப் பாட்டை அறிகிறது? அதற்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஒவ்வொரு கணத்திலும் எந்த எந்த அதிர்வு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளந்து, அந்த அளவுகளைக் கைரேகை மாதிரி ஓர் அடையாளமாக்கிக் கொள்கிறது. இசைக் கம்பெனிகள் கொடுத்த பாட்டுகளின் ரேகைகள் ஏற்கனவே பெட்டியில் இருக்கின்றன. இரண்டும் பொருந்தினால் தீர்ந்தது. போலீஸ்காரர் கைரேகை பார்ப்பது போலத்தான். ஆனால் கைரேகை பொருந்தியதுமே போலீஸ்காரர் யாரையும் தண்டித்துவிடுவதில்லை. அதன் பிறகு ஒரு நீதிபதி இருக்கிறார். இங்கே அவர் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. பாலும் தண்ணீரும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்து உண்ணுமாம் அன்னப் பறவை. இந்த யந்திரம் அன்னப் பறவை அல்ல. பாட்டும் பேச்சும் விளையாட்டின் சத்தமும் ஒரே ஒலியாகக் கலந்திருக்கும் பதிவில் பாட்டை மட்டும் எடுத்தெறிய அதற்குத் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. மூன்று நிமிஷப் பாட்டுக்காக முப்பது நிமிஷப் பேச்சும் சிரிப்பும் போயின. ட்விட்ச் ஸ்தாபனமே நடத்திய நிகழ்ச்சிப் பதிவுகளும் தப்பவில்லை. தான் வளர்த்த கடா தன் மார்பிலேயே பாய்ந்தது!

கூக்குரல் எழுந்தது. மறுநாளே தலைவர் எம்மட் ஷியர் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்தார். தவறாக ஊமையாக்கப்பட்டவர்கள் முறையிட வழி செய்வதாகவும், நேரடி ஒளிபரப்பின் மேல் யந்திரத்தை ஏவும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். அதே மாதம் 25-ந் தேதி அமேஸான் கம்பெனி 97 கோடி டாலருக்கு ட்விட்சை வாங்குவதாக அறிவித்தது.

இப்படி யந்திரத்தை வைக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லிற்றா? அதுதான் இல்லை. 1998-ல் அமெரிக்கா செய்த சட்டப்படி, உரிமைக்காரர் புகார் எழுதினால் ஸ்தாபனம் அந்தப் பதிவை அகற்றிவிட வேண்டும். அகற்றினால் ஸ்தாபனத்தின் மேல் நஷ்ட ஈட்டுப் பழி வராது. பதிவிட்டவர் மறுப்பு எழுதலாம். அதன் பிறகு பத்திலிருந்து பதினான்கு வேலை நாட்களுக்குள் புகார்க்காரர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் பதிவைத் திரும்ப வைத்துவிடலாம். ஊரையெல்லாம் ரோந்து சுற்ற வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2007-ல் வயகாம் கம்பெனி யூடியூபின் மேல் நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அதே வருஷம் யூடியூபும் தனக்கென்று ஓர் ஒப்பிடும் யந்திரத்தை அமைத்துக் கொண்டது. பெரிய முதலாளிகள் கோர்ட்டுக்குப் போவதைக் காட்டிலும் யந்திரம் வைப்பது மலிவு என்று கண்டுகொண்டார்கள். இவ்விதமாகச் சட்டம் கேட்காத காவற்காரன் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதையை ஒருவர் அச்சடித்து விற்றுவிட்டு எனக்குக் காசு கொடுக்காவிட்டால் என் வயிறு எரியும். ஆகவே பாட்டுக்குக் காசு கேட்கிறவர்களை நான் பழிக்க மாட்டேன். பூர்ஜே கேட்டது நியாயம். ஹெர்பர்ட் கேட்டதும் நியாயம். ஆனால் அவர்கள் கேட்டது காசு, மௌனம் அல்ல. ஓர் அரை மணியை ஊமையாக்கியதனால் எந்தப் பாட்டுக்காரருக்கு இரண்டு ஸென்ட் கிடைத்தது?

கதை அத்துடன் முடியவில்லை. 2020 மே மாதம் வரையில், பாட்டு விஷயமாக ட்விட்சுக்கு வருஷத்துக்கு ஐம்பது புகார்கூட வந்ததில்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கின. இந்தக் கணக்கை ட்விட்சே வெளியிட்டிருக்கிறது. பல வருஷங்களுக்கு முந்திய துணுக்குகளையெல்லாம் தோண்டி எடுத்து அனுப்பினார்கள். அக்டோபரில் ட்விட்ச் பலருடைய பதிவுகளைத் தானே அழித்துவிட்டு, அழித்த பிறகு கடிதம் எழுதிற்று. மறுப்பு எழுதுவதற்கும் வழி வைக்கவில்லை. எங்கே தங்கள் கணக்கே போய்விடுமோ என்று அஞ்சிப் பலர் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பதிவுகளைத் தங்கள் கையாலேயே அழித்தார்கள். நவம்பரில் ட்விட்ச் மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. அழிந்தது அழிந்ததுதான்.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. முதலில் பிறர் நம் வாயைப் பொத்துவார்கள். பிறகு நாமே பொத்திக் கொள்ளப் பழகிவிடுவோம். 2020 டிசம்பரில் வெளியான 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டில், ஒளிபரப்புகிறவர்களுக்காக உரிமைப் பாட்டுகளை அணைத்துவிடும் ஒரு விசை இருந்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில், அதைச் செய்தவர்கள் காசு கொடுத்துச் சேர்த்த பாட்டு. ஆனாலும் ஆடுகிறவன் அதை ஒலிக்கவிட அஞ்ச வேண்டும்!

உச்சக் காட்சி 2021 பிப்ரவரி 19-ல் நடந்தது. பிளிஸர்ட் என்ற விளையாட்டுக் கம்பெனியின் விழாவில் மெட்டாலிகா என்ற பேர்பெற்ற ராக் கோஷ்டி அழைப்பின் பேரில் வந்து வாசித்தது. ட்விட்சின் சொந்த விளையாட்டுச் சேனலும் அதை ஒளிபரப்பிற்று. திரையில் கிதார்களை வெறி கொண்டு மீட்டுகிறார்கள், தலைமயிர் பறக்கிறது, காதில் விழுவதோ வேறு ஏதோ சாதுவான மெல்லிசை! பாட்டுக்கு உரியவர்களே எதிரில் நின்று வாசிக்கும்போது, அவர்களுடைய பாட்டு அவர்களுடைய உரிமைக்குப் பயந்து ஒளிந்து கொண்டது. 2000-ம் வருஷத்தில் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பரிமாற்ற ஸ்தாபனத்தின் மேல் முதன் முதலில் வழக்குத் தொடுத்த கோஷ்டி இதே மெட்டாலிகாதான் என்பதை நினைத்தால், விதிக்கு நகைச்சுவை உண்டு என்று நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

முற்றிலும் இருள் என்றும் சொல்வதற்கில்லை. 2021-ல் அமெரிக்க இசைப் பதிப்பாளர் சங்கத்தோடு ட்விட்ச் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. 2024-ல், பாட்டுத் தட்டுகளைக் கலந்து வாசிக்கும் டி.ஜே.க்களின் வருமானத்தில் ஒரு பங்கை இசைக் கம்பெனிகளுக்குக் கொடுக்க ஏற்பாடாயிற்று. அதுவும் நேரடி ஒளிபரப்புக்கு மட்டுந்தான், பதிவுகளுக்கு அல்ல. ஆனாலும் 1909-ன் இரண்டு ஸென்ட் புத்தி மறுபடி தலைகாட்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுக்க வழி இருந்தால் பெரும்பாலோர் கொடுப்பார்கள். வழி இல்லாத இடத்தில்தான் திருட்டும் மௌனமும் குடியேறுகின்றன.

யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இது அந்தப் பாட்டுதான் என்று அது சொல்வது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இது குற்றமா, கடனா, வெறும் தற்செயலா என்று கேட்டுப் பார்க்க ஒரு மனிதக் காது வேண்டும். பாட்டு பிறந்ததும் அந்தக் காதுக்காகத்தான் அல்லவா?