இரு நண்பர்களின் ஹஜ் வழி

திருத்தணிக்கு வடக்கே சிறிது தொலைவு சென்றால் ஆந்திர எல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குமுன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர் அசையவில்லை, எல்லைதான் நகர்ந்தது. இங்கிருந்து நண்பர் இருவர் பல நாடுகளைத் தரைவழியே கடக்க எண்ணினால், எவ்வழி திறந்திருக்கிறது என்பதே முதற்கேள்வியாகும்.

1183 பிப்ரவரியில் ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைருக்கும், அவர்தம் நண்பர் அஹ்மத் இப்னு ஹஸ்ஸானுக்கும் அதே கேள்விதான். அஹ்மத் ஒரு மருத்துவர். நெடும்பயணத்தில் அத்தகைய துணை அமைவது நற்பேறே. எகிப்திலிருந்து சினாய் வழியே செல்லும் பாதையைச் சிலுவைப் போர்வீரர் மறித்திருந்தனர். ஆகவே ஸப்தா துறைமுகத்திலிருந்து ஜெனோவாக்காரரின் கப்பலில் அலெக்சாந்திரியா. பின்னர் நைல் நதியில் கூஸ் நகரம்வரை. அப்பால் ஒட்டகத்தில் பாலைவனம். ஐதாபில் மீண்டும் கப்பலேறி ஜித்தா. சிலுவைப் போர்க் காலத்திலும் ஹாஜிகள் கிறித்தவர் கப்பலிலேயே சென்றனர் என்பது நோக்கத்தக்கது.

துன்பம் வந்தது அலெக்சாந்திரியாவில். அதிகாரிகள் அஹ்மதைக் கரையிறக்கி, மேற்கு நாடுகளின் செய்தியைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைக்கழித்தனர். மூட்டைகளைக் கிளறினர். வழிச்செலவுப் பணத்துக்கும், அது ஓராண்டு கையில் இருந்ததா என்று கேளாமலே, ஸகாத் வாங்கினர். மார்க்கத்தின் பெயரால் மார்க்கச் சட்டத்தை மீறிய இச்செயல் இன்றும் நம் நெஞ்சைச் சுடுகிறது. எனினும் இப்னு ஜுபைர் ஸுல்தான் ஸலாஹுத்தீனைக் குறைகூறவில்லை. அவர் அறிந்திருந்தால் தடுத்திருப்பார் என்றே எழுதினார். அந்நம்பிக்கை சற்று மிகையோ என நமக்குத் தோன்றுகிறது.