இதயத் துடிப்புக் கோளாறு: சூடா, குளிரா, மின்துடிப்பா?

"அப்பாவுக்கு அபிளேசன் செய்யலாமாம், எந்த முறை நல்லது?" வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் சொன்னதை வைத்து யாழ்ப்பாணத்தில் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

ஏற்றியல் பிப்ரிலேசன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது. அப்போது மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். இந்த ஆபத்து ஏனையோரைவிடச் சுமார் 5 மடங்கு.

தவறான துடிப்புகள் பெரும்பாலும் சுவாசப்பை நாளங்களில் தொடங்குகின்றன என்பதை 1998 இல் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் காட்டினர். தொடையிடுக்கு நாளம் வழியாகக் கதீற்றரைச் செலுத்தி, அந்த நாளங்களின் வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, மின்தொடர்பைத் துண்டிப்பதே அபிளேசன். தழும்பை உண்டாக்கும் விதம் மூன்று.

சூடு (ரேடியோ அலை): புள்ளி புள்ளியாகச் சுட்டு வளையமாக்குவது. தேவைப்பட்டால் வேறு இடங்களையும் சுடலாம். பின்னாலுள்ள உணவுக்குழாய் காயப்படுவது அரிது, ஆனால் பாரதூரமானது.

குளிர் (கிரையோ பலூன்): பலூனால் நாளவாயை அடைத்து உறையவைப்பது. உதரவிதான நரம்பு பாதிக்கப்படலாம். பெரும்பாலும் அது மீளும். 2016 இல் வெளியான, 762 பேர் பங்கேற்ற 'பயர் அன்ட் ஐஸ்' ஆய்வில் சூடும் குளிரும் ஏறத்தாழச் சமம்.

மின்துடிப்பு: உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் இதயத்தசைக் கலங்களில் துளையிட்டு அழிப்பது. உணவுக்குழாய்க்கும் நரம்புக்கும் ஆபத்து குறைவு. துடிப்புகள் அதிகமானால் செங்குருதிக் கலங்கள் உடைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். 2023 இன் 'அட்வென்ட்' ஆய்வில் ஓராண்டு வெற்றி 73.3 வீதம், பழைய முறைகளில் 71.3 வீதம்.

இரு ஆய்வுகளும் நோய் விட்டுவிட்டு வருபவர்களிடம் நடந்தவை. முறைகளுக்கிடையிலான வித்தியாசம் சிறிது. செய்பவரின் அனுபவமும், நோய் நிலைக்கமுன் செய்வதும் அதைவிட முக்கியம்.

எங்கள் மக்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. சிகிச்சைக்குப் பின் குறைந்தது 2 முதல் 3 மாதம் இரத்தம் உறையாமைக்கான மருந்து தேவை. அதன்பின் தொடர்வதா என்பதைத் துடிப்பு சீரானதை வைத்தல்ல, உங்கள் பாரிசவாத ஆபத்தை வைத்தே தீர்மானிப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. வாதக்காய்ச்சலால் மைற்றல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்னமும் வார்பரின்தான் பொருத்தம். ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

3. உடலில் செல் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கலாம். இதயத்தைப் பார்க்க சி.ரி. போன்ற வேறு வழிகள் உண்டு.

நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால், கொழும்புப் பயணத்தை யோசிக்கமுன் அருகிலுள்ள வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுங்கள். பாரிசவாதத்தைத் தடுக்கும் மருந்தை அங்கிருந்தே தொடங்கலாம்.