எண்ணப்படாத பயணங்கள்: நகரமும் பெண்களின் நடமாட்டமும்

ஒரு நகரம் யாருக்காகத் திட்டமிடப்படுகிறது என்பதை, அங்கு யாருடைய பயணங்கள் எண்ணப்படுகின்றன என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. நடமாட்டத்தைப் பாலின நோக்கில் அளவிடுவதென்பது, பேருந்தில் ஏறிய ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கணக்கிடுவது மட்டுமன்று. யார், எதற்காக, எந்நேரத்தில், யாரை உடன் அழைத்துக்கொண்டு, எங்கெங்கு நின்று சென்றார் எனப் பதிவு செய்வதாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பணியிடத்தின் தொலைவையும் பயண முறையையும் கேட்டது. ஆனால் வேளாண்மை, வீட்டுத் தொழில் சாராத ‘பிற தொழிலாளர்’ மட்டுமே அதில் அடங்கினர். ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்கள் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் பயணங்கள் அதில் இடம்பெறவில்லை. மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் அலைச்சலும் ஒரே பணியிடம், ஒரே தொலைவு எனச் சுருங்கியது.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாக அது காட்டியது. இவ்வேலைகளுக்கான பயணங்களை ஒரே வகையாகத் தொகுத்து எண்ணவேண்டும் என்பதற்காகவே, ஸ்பானிய நகரத் திட்டமிடல் அறிஞர் இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா ‘பராமரிப்புப் பயணம்’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். கட்டணமில்லாப் பயணச்சீட்டுகள் எத்தனை முறை பெண்கள் பேருந்தில் ஏறினர் என்பதைச் சொல்லும்; பேருந்து வராததால் கைவிடப்பட்ட வேலையைச் சொல்லாது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் தலித்துகளே மிகுதி. பழைய குடியிருப்பின் அருகே நடந்து சென்று வீட்டுவேலை பார்த்த பெண்ணுக்கு, இடமாற்றம் என்பது நேரத்தின் இழப்பு. பலருக்கு வேலையின் இழப்பு.

சாலைகள் உள்ளிட்ட பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியோ பாலினமோ தடையாகக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. எனினும், அளவிடப்படாத இழப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம். நடத்துநர் பயணியிடம் சாதி கேட்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. வீடுவாரிப் பயண ஆய்வுகளில் பாலினமும் சாதியும் சேர்த்துப் பதிவாக வேண்டும். நடைப் பயணமும் இடைநிறுத்தங்களும் எண்ணப்பட வேண்டும். மறுகுடியமர்த்தலுக்கு முன்னும் பின்னும் அவ்வாய்வு நடத்தப்பட வேண்டும். அக்கணக்கு இல்லாதவரை, வெளியேற்றத்தின் விலையை அப்பெண்களே தம் கால்களால் செலுத்திக்கொண்டிருப்பர்.